அம்மா சொன்ன அசைடு

திருத்தணியில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு தேர்வில் 'அசைடு' பற்றிக் கேள்வி கேட்டிருந்தோம். மேடையில் மற்றவர்கள் இருக்கும்போதே, அவர்கள் காதில் விழாததுபோல, பார்ப்பவர்களுக்காக மட்டும் ஒரு பாத்திரம் பேசுவது அது. கைடில் இருந்த நான்கு வரியை எல்லோரும் அப்படியே கக்கியிருந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி மட்டும் தன் வீட்டை எழுதியிருந்தாள்.

வந்த விருந்தாளிகளிடம் அப்பா, "என்னக் கேக்காம இவ ஒரு வார்த்த பேசமாட்டா" என்று பெருமையடிக்கிறார். அறுந்த இழையை முடிந்தபடி, ஓடும் தறியின் சத்தத்துக்குள், மகளுக்கு மட்டும் கேட்கும்படி அம்மா சொல்கிறாள்: "பேசிகினுதான் கீறேன். இவுரு காதுலதான் உழல."

வாய்விட்டுச் சிரித்தேன். முழு மதிப்பெண் போட்டேன். தாளைப் பார்த்த துறைத்தலைவர் முகம் சுளித்தார்.

"கைடுல இல்லாததுக்கு எப்பிடிம்மா மார்க்கு? ஊட்டுக் கதைலாம் நாடகமா? அடிங்க."

என் பேனாவாலேயே அந்த மதிப்பெண்ணை அடித்தேன்.

அடுத்த மாதம் கருத்தரங்கு. நாடகத்தின் கூறுகளைப் பற்றி அவர்தான் பேசினார். முரண், உச்சம் எல்லாம் முடித்து அசைடுக்கு வந்தார். "எங்க பக்கத்து ஊட்ல ஒரு அம்மா..." என்று தொடங்கினார். அதே தறி, அதே இழை, அதே வசனம். அரங்கம் அதிரக் கைதட்டியது. என் கைகளும் தட்டிக்கொண்டுதான் இருந்தன.

மூன்றாவது வரிசையிலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், அது எங்கம்மா. நான் பரிச்சைல எழுதினது."

அவர் முகத்தில் சின்ன அசைவுகூட இல்லை. "பாருங்க, நம்ம ஸ்டூடண்ட்ஸ் எவ்ளோ ஒன்றிப்போய் கேக்குறாங்க!" என்றார். மறுபடியும் கைதட்டல். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாலையில் பஸ் நிலையத்தில் அவளைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"மார்க்கு போனா போவுது மேடம். எங்கம்மா பேச்ச அவுரு வாயால கேக்கறதுக்குத்தான் அசிங்கமா இருந்திச்சி. நீங்க ஏன் மேடம் கைதட்னீங்க?"

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

நடந்ததைக் கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். "சின்ன விஷயம்மா, உங்களுக்குள்ளயே பேசித் தீத்துக்குங்க" என்றார். அறையை விட்டு வெளியே வந்தால் வராந்தாவில் துறைத்தலைவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். யோசிக்கும் முன்பே நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.