விரால் வாங்க வருகிறவர்கள்

மற்ற மீன் வாங்க வந்தால் "குழம்பா, பொரிக்கவா?" என்று கேட்பேன், விரால் வாங்க வந்தால் "யாருக்கு ஆப்பரேஷன்?" என்றுதான் வாயில் வரும். உலு திராம் மார்க்கெட்டில் உயிர்மீன் விற்கிறேன். விரால் சூப் குடித்தால் தையல் போட்ட புண் சீக்கிரம் ஆறும் என்று மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருமே நம்புகிறோம். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் இந்த மீனுக்கு எப்படி அலைய வேண்டும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஒரே குடும்பம்

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். மனைவிக்கு சிசேரியன். நாம் விரால் என்று கேட்டு வாங்கும் ஹாருவான் அன்று தீர்ந்துபோய், தோமான்தான் இருந்தது. இரண்டுக்கும் பாம்புத் தலை, உருண்டை உடம்பு, முதுகு நெடுக ஒரே துடுப்பு. தோமானுக்குச் செதில் பொடியாக இருக்கும், ஆளும் பெரிசு. "இதுவும் அதே குடும்பம்தான் தம்பி, கொண்டு போங்க" என்றேன்.

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதே குடும்பம்னு சொன்னா என் மாமியார் ஒத்துக்கமாட்டாங்க அக்கா. என்னையே இன்னும் குடும்பத்துல சேர்க்கல லா!"

மூச்சு

கணவருக்கு இருதய ஆப்பரேஷன் முடிந்த ஓர் அம்மா, மீன் உயிரோடு இருக்கட்டும் என்று வாளி நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கிக் கொண்டுபோனார். மறுநாள் வந்து, மீன் செத்துவிட்டது என்றார். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றையும் குடிக்க வேண்டும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால்கூடப் பிழைத்துக் கிடக்கும். இதைச் சொல்லி, வேறொன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன்.

"மீன் தண்ணியில மூழ்கிச் செத்துச்சுன்னு வீட்டுல எப்படிம்மா சொல்வேன்?" என்றார்.

செம்பனைக் கால்வாய்

எனக்கு மீன் பிடித்துத் தருபவர் சீலன். சாஆ பக்கம் செம்பனைத் தோட்டக் கால்வாய்களில் தூண்டில் போடுவார். ஒரு நாள் வெறுங்கையோடு வந்தார். எனக்குக் கோபம், மூன்று வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். "மீனே இல்லையா?" என்றேன்.

இருந்ததாம். செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம், அடியில் தாயும் தகப்பனும் காவல். "குஞ்சுகிட்ட எது வந்தாலும் பாஞ்சு கடிக்கும். போட்டா கண்டிப்பா மாட்டும் அக்கா, அதான் போடல."

எடுத்து வைத்த மீன்

கலா என்ற பெண், கணவரின் கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வருவார். அவருக்கென்று நடுத்தர அளவில் ஒன்றைத் தனித் தொட்டியில் விட்டு வைப்பேன். ஒரு வாரம் ஆளைக் காணோம். பிறகு பையில்லாமல் வந்தார். வலையை எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார். புண் ஆறியிருந்ததாம்; காய்ச்சல்தான் திடீரென்று கண்டு, கணவரைக் கொண்டுபோய்விட்டது.

வலையைக் கீழே வைத்தேன். கலா சொன்னார்: "நீங்க எடுத்து வச்சுக் காத்திருப்பீங்கன்னுதான் வந்தேன். வேற யாருக்காச்சும் கொடுத்துடுங்க அக்கா, அவங்களாவது எழுந்து நடக்கட்டும்."

வாங்குகிறவர் மறுபடி வரவே கூடாது என்று நினைத்துக்கொண்டு பை கட்டிக் கொடுக்கும் வியாபாரம், எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.