அத்தை வெளியே போகாத நாள்

போன மாதம் என் ஸ்கேன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் என் கணவரை மட்டும் பார்த்தார். உடனே என் மகள், தண்ணீர் வாங்கி வரலாம் என்று என் கையைப் பிடித்தாள். நானும் எழுந்துவிட்டேன். கதவுவரை போன பிறகுதான் அத்தையின் நினைவு வந்தது. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மருத்துவர் சொன்னதை முழுதும் நானே கேட்டேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஏரலில் மாமாவுக்கு மளிகைக்கடை. வியாபாரத்தில் பாதி அத்தையின் வாய்தான். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புவரை போயிருந்தது. வீட்டில் அதற்குக் ‘கட்டி’ என்று மட்டும் பெயர். மருத்துவமனைக்காகத் தூத்துக்குடி வரும்போதெல்லாம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டில் இறங்கி, சின்னப்பிள்ளையான என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். என்மேல் அத்தனை பிரியம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மருத்துவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பார். அத்தை, சுகமாக இருக்கிறேன் என்பாள். வைத்தியம் பார்க்கிறவரிடம் வலிக்கிறது என்றால் அவரைக் குறை சொன்னதுபோல் ஆகிவிடும் என்பது எங்கள் வீட்டு மரியாதை. “கடையில ஒருத்தரயும் பேச விடமாட்டா சார், இங்க வந்தாத்தான் வாயில்லாப் பூச்சி” என்று மாமா சிரிப்பார். பிறகு மருத்துவர் காகிதங்களைப் புரட்டத் தொடங்கியதும், பிள்ளைக்குத் தாகமாக இருக்கும் என்று மாமா அத்தையையும் என்னையும் வெளியே அனுப்பிவிடுவார். கேன்டீனில் எனக்கு ரோஸ்மில்க் கிடைக்கும்.

ஒருநாள் மாமா வழக்கம்போல, “ஏளா, பிள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு, வெளிய கூட்டிட்டுப் போ” என்றார். நான் எழுந்து நின்றேன். அத்தை எழவில்லை.

“அவ தாகம் பொறுத்துக்கிடுவா. ஒடம்பு என்னோடதுல்லா, நானே கேட்டுக்கிடுதேன்” என்றாள்.

பிறகு மருத்துவரிடம் தான் சுகமாக இல்லை என்றாள். இடுப்பில் பாறையை ஏற்றி வைத்ததுபோல வலிக்கிறது, படுத்தால் உறக்கமில்லை, ஊசி போட்ட வாரம் முழுக்கச் சோறு இறங்குவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், இது குணமாகுமா என்று கேட்டாள். மருத்துவர் மாமாவைப் பார்த்தார்.

“அவுகளப் பாக்காதீங்க சார். என்னயப் பாத்துச் சொல்லுங்க.”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். முழுதாகக் குணமாகாது, ஆனால் வலியை அடக்க முடியும் என்று மெதுவாகச் சொன்னார். ஊசியைத் தொடர்ந்தால் எப்படி இருக்கும், நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று அத்தை விடாமல் கேட்டாள். பருப்பு விலை பேசும் அதே குரல். மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வலிக்கு வேறு மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, ஊசியைப் பற்றி வீட்டில் யோசித்துத் தானே வந்து சொல்வதாகக் கூறி அத்தை எழுந்தாள். என் கவலையெல்லாம் கேன்டீனைத் தாண்டிப் போகிறோமே என்பதுதான்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

“நீ வீட்ல இருந்து வெளயாடு தாயி” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அத்தை ஆட்டோவில் ஏறினாள். மாமா பின்னால் ஏறினார்.

அத்தைக்கு என்மேல் என்ன கோபம் என்று அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அழுதேன். இனி அத்தை வெளியே போகமாட்டாள், அதற்கு ஒரு பிள்ளையின் தாகமும் தேவையில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?