தலை மட்டும் இருந்த போல்ட்

சிங்கப்பூரில், துவாஸில் நான் வேலை செய்யும் பட்டறையில், மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பி லேசாக ஆடுகிறது, பார் என்றார்கள். கூட வேலை செய்யும் செல்வம் அதில் சாய்ந்தபடி ஊருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். டீ நேரத்தில் அவன் தினமும் நிற்கும் இடம் அது. கீழே இரண்டு மாடி ஆழம்.

கம்பியின் அடியில் இருந்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்ததுமே அது கையோடு வந்துவிட்டது. வெறும் தலை. பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். துளைக்குள் டார்ச் அடித்தேன். மரை வெட்டும் கருவியான டேப் ஒடிந்து உள்ளேயே சிக்கிக் கிடந்தது; அதை மறைக்கத்தான் யாரோ தலையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த போல்ட்டும் அப்படித்தான்.

"செல்வம், கம்பிய விட்டுட்டு இந்தப் பக்கம் வா."

"ஏன்ணே?" என்று சிரித்துக்கொண்டே வந்தவனிடம் அந்தத் தலையைக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

சற்றுத் தள்ளிப் புதுத் துளை போட்டேன். டேப் சாயாமலிருக்க ஓட்டையுள்ள இரும்புக் கட்டைக்குள் அதை விட்டு, எண்ணெய் ஊற்றி, அரைச் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால் என்று திருப்பினேன். பாதியில் இறுகியது.

"இன்னும் முடியலையா லா? மெஷின் ஓடணும்!" கீழிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

இன்னும் ஒரு திருகு திருகினால் முடிந்தது என்று கை துடித்தது. டேப்பை ஒடித்துவிட்டுத் தலையை ஒட்டிய, யாரென்றே தெரியாத அந்த ஆளின் கையும் இப்படித்தான் துடித்திருக்கும். டேப்பை வெளியே எடுத்து, துகளைத் துடைத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இப்போதெல்லாம் மார்சிலிங்கில், எங்கள் வீட்டருகே விளையாட்டுத் திடலில், என் மகள் ஊஞ்சலில் ஏறுமுன் அதன் போல்ட்டுகளைத் திருகிப் பார்க்கிறேன்.

"என்னப்பா தேடுறீங்க?"

எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கின்றன. பசை போட்ட அந்தத் தலையும் நான் தொடும்வரை இறுக்கமாகத்தான் தெரிந்தது.