உலைக் கதவை மறித்த வெள்ளிக்கிழமை

நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறந்துவிட்டன என்று செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில், திருப்பதிக்கு வெளியே ஒரு இரும்புப் பட்டறையில் நான் பொறியாளராக இருந்தேன். நாயுடுபேட்டைப் பக்கம் புதிய ஆலைகள் எழுந்தன. எங்கள் முதலாளிக்கும் வேலை குவிந்தது.

சர்க்கரை ஆலை ஒன்றுக்காகத் தடித்த தகட்டில் நீராவிக் கலன் செய்து, வெல்டிங் முடித்து, உலைக்குள் சூடேற்றியிருந்தோம். வெல்டிங் செய்த இடத்தில் இரும்பு உள்ளுக்குள் இழுபட்டுக் கிடக்கும். உலையை மூடியே வைத்து மெல்ல ஆறவிட்டால்தான் அந்த இறுக்கம் தளரும்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி புரோகிதருடன் வந்தார். ராகு காலத்துக்கு முன் பூசை முடிந்து லாரி புறப்பட வேண்டும். ஒருமுறை நல்ல நேரம் தவறி அனுப்பிய லாரி கவிழ்ந்ததிலிருந்து அவர் இதில் இம்மியும் தளர்வதில்லை.

"கதவத் தொறங்கய்யா. நாளைக்கு அஷ்டமி, அப்புறம் நவமி. இன்னிக்கே போயாவணும்."

"இன்னும் சுட்டுக்கினு இருக்கு சார்," என்றார் கிரேன் ஓட்டுபவர்.

"அது மேல தண்ணிய அடி, ஆறிடும். இன்ஜினியரு இன்னா, தாலாட்டு பாடிக்கினு இருக்காரா?"

நான் உலைக் கதவின் முன் போய் நின்றேன். "தண்ணி பட்டா வெல்டிங்ல விரிசல் உடும் சார். மேலுக்குத் தெரியாது. நீராவி ஏறுனா வெடிக்கும். பக்கத்துல ஆளுங்க நிப்பாங்க."

"நவுரு நைனா. மொதலாளி நீயா, நானா?"

"நீங்கதான். ஆனா தொறக்க உடமாட்டேன்."

கிரேன் ஓட்டுபவர் இறங்கி வந்தார். "என் மச்சான் அந்த ஆலையிலதான் சார் வேல செய்றான். நான் தூக்கமாட்டேன்."

"ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்னீங்களாடா?"

வெதுருகுப்பம் என்ற ஊரிலிருந்து பிழைக்க வந்தவர் கிரேன் ஓட்டுபவர். குடும்பம் அவரை நம்பியிருந்தது. "தடுத்தது நான்தான் சார். அவர உட்டுடுங்க," என்றேன்.

"அவன் இருக்கட்டும். நீ இனிமே வராத."

"கலன் ஆறுற வரைக்கும் போவமாட்டேன்."

கலனைத் தூக்க ஆளில்லாமல் ராகு காலமும் தொடங்கிவிட, லாரி காலியாகத் திரும்பியது. மறுநாள் மாலை, ஆறிய கலனின் வெல்டிங் நெடுக, விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கும் சாயத்தைத் தடவிப் பார்த்தோம். விரிசல் ஒன்றுமில்லை. அதன் பிறகே வெளியேறினேன்.

சித்தூரில் வேறொரு பட்டறையில் வேலை கேட்டபோது, பழைய இடத்தில் ஏன் நீக்கினார்கள் என்றார்கள். உலைக் கதவைத் திறக்க மறுத்ததற்காக என்றேன். இங்கேயும் மறுப்பேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.