விடைப் பக்கம் மச்சானிடம்

யுத்தத்தால் காகிதம் கிடைக்காத காலம். திருச்சியில் ஒரு வணிகப் பள்ளியில் சேர நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கான கணக்குப் புத்தகம் எங்கள் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. அரியலூரில் இருந்த எனக்கும் அது வேண்டும், பெரம்பலூரில் இருந்த என் அத்தை மகனுக்கும் வேண்டும். இருவரும் அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் முடித்திருந்தோம். கடைசியில் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகத்தை இரண்டாக அறுத்தோம். முன்பகுதி முழுக்கக் கணக்குகள், பின்பகுதியில் விடைகள்.

“உனக்கு எது வேணுமோ எடுத்துக்க மாப்ளே,” என்றான் மச்சான்.

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு லேசாக விட்டுக் கொடுக்கிறானே, ஏன்? கனமாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வந்த பிறகுதான் உறைத்தது, விடையெல்லாம் அவனிடம் போய்விட்டதே! அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தினமும் பத்துக் கணக்குப் போட்டு, விடைகளை மட்டும் ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்புவேன். சரியா தப்பா என்று குறி போட்டு அவன் பதில் கார்டு எழுதுவான். அவனுக்கு வேண்டிய கணக்குகளை வாரம் ஒருமுறை நான் படியெடுத்து அனுப்ப வேண்டும். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் வழியில் நிற்காமல் இருந்தால் கார்டு மறுநாளே வந்துவிடும்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ரயிலடியில் ஒருவர், “இந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தரத்தான் எடுப்பாங்களாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார். கிடைக்காவிட்டால் எனக்குக் கடலைக்காடு, அவனுக்குப் பருத்திக்காடு. அன்றிலிருந்து அவன் கார்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரமே சிக்கினான். எட்டு ஆள் பதினைந்து நாளில் வெட்டும் கிணற்றைப் பன்னிரண்டு ஆள் எத்தனை நாளில் வெட்டுவார்கள்? பத்து என்று அனுப்பினேன். தப்பு என்று வந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் பத்துதான். அதற்கப்புறம் இன்னும் இரண்டு கணக்குக்கும் இப்படியே குறி போட்டிருந்தான்.

“வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்ப நான் என்ன பச்சப்புள்ளயா?” என்று அம்மாவிடம் கத்தினேன்.

“அவன் அப்புடிப்பட்டவன் இல்லடா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்,” என்றாள் அம்மா.

நாத்தனார் பிள்ளைக்கு இவ்வளவு பரிந்து பேசுகிறாளே என்று அவள்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அந்த வாரம் மச்சானுக்குக் கணக்குகளைப் படியெடுத்தபோது பதினெட்டைப் பதினாறாக்கினேன். இன்னொன்றில் ஏழு என்பதை ஒன்பதாக்கினேன். வாராவாரம் மூன்று நான்கு கணக்கில் இப்படி ஓர் எண்ணை மாற்றி வைத்தேன். நீ மட்டும்தான் விளையாடுவியா?

“மாப்ளே, நாலு தடவ போட்டுட்டேன், விடை வரமாட்டேங்குது. எங்க தப்பு பண்றேன்னு தெரியல. நீ எப்புடிப் போட்ட?” என்று எழுதினான்.

என்னமா நடிக்கிறான் பார் என்று நினைத்தேன். நிதானமாகப் போடு என்று பதில் எழுதினேன்.

அவன் குறியை நம்பாததால் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு வழியில் போட்டேன். விடையிலிருந்து பின்னோக்கி வந்தும் சரிபார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, கணக்கு கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது.

பரீட்சைக்குச் சேர்ந்து போவதாகப் பேச்சு. அரியலூர் ரயிலடியில் காத்திருந்தேன், மச்சான் வரவில்லை. எனக்குத் தெரியாமல் முந்தின வண்டியில் போயிருப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். திருச்சியில் பரீட்சை நடந்த இடத்தில் பெஞ்சு பெஞ்சாகத் தேடினேன். அங்கும் அவன் இல்லை.

எனக்கு இடம் கிடைத்தது. போய்ப் பார்த்தால் ஒருத்தர்தான் என்பதெல்லாம் வெறும் புரளி, வகுப்பில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. முதல் மாதத்திலேயே மச்சானிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அவனிடமிருந்த விடைப் பகுதியும் ஒரு துண்டுக் கடிதமும் உள்ளே இருந்தன.

“எனக்குக் கணக்கு வராது மாப்ளே. அதத் தெரிஞ்சுக்கவே இவ்வளவு நாளாச்சு. ரெண்டயும் சேத்துத் தச்சுக்க.”

கிணற்றுக் கணக்கின் விடையைத் தேடினேன். பன்னிரண்டு என்று அச்சாகியிருந்தது. மற்ற இரண்டும் அதே மாதிரி அச்சுப் பிழைதான். அச்சில் இருந்ததைப் பார்த்துத்தான் அவன் எனக்குக் குறி போட்டிருக்கிறான். பக்கத்தைப் புரட்டினேன். நான் எண்ணை மாற்றிய கணக்குகளின் விடைக்குப் பக்கத்தில் எல்லாம் பென்சிலால், ‘என் தப்பு’, ‘என் தப்பு’ என்று எழுதி வைத்திருந்தான். என்னைச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. பாவி, நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! புத்தகத்தை மூடிவிட்டு அழுதேன்.

சேர்த்துத் தைக்கவில்லை. இரண்டு துண்டும் தனித்தனியாகவே என் பெட்டியில் கிடந்தன. அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரம்பலூர் போவேன், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

பல வருஷம் கழித்து அவன் மகள் கல்யாணத்தில் சமையல்காரர் வந்து, பந்திக்கு எத்தனை இலை வேண்டும் என்று கேட்டார்.

“என்னக் கேக்காதீங்க, எனக்குக் கணக்கு வராது. எங்க மாப்ளயக் கேளுங்க, அவரு புலி,” என்று மச்சான் சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினான்.

ஒரு பந்திக்கு எத்தனை பேர், எத்தனை பந்தி என்று கேட்டுக்கொண்டு, இலை எத்தனை என்று சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை.