பூஜ்ஜியம் எண் பாட்டில்

நான் அவ்வளவு நல்லவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மழைக்காலம் வைகையில் வண்டல் அளந்தேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில், பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்கு உதவியாளர். அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் போதும், திருநகரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வண்டியூர்ப் பாலத்துக்குப் போய்விடுவேன். இரும்புச் சட்டத்தில் பாட்டிலை மாட்டி, கயிறு கட்டி, நட்டாற்றில் இறக்க வேண்டும். கரையோரம் மொண்டுவிட்டால் சுலபம்தான், ஆனால் அங்கே தண்ணீர் மந்தமாக ஓடும், வண்டல் குறைவாகத்தான் வரும். கயிறு உள்ளங்கையை அறுக்கும். ஆகாயத்தாமரை வந்து சிக்கும். பைக்கில் போகிறவர்கள், "என்னக்கா, மீன் எம்புட்டு மாட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சார் ஒருநாளும் பாலத்துக்கு வந்ததில்லை.

அந்தத் தண்ணீரை வடிதாளில் வடிகட்டி, காயவைத்து, தாளோடு சேர்த்து எடை போடுவோம். வெறும் தாளின் எடையை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். அதைக் கழித்தால் மிச்சம் இருப்பதுதான் வண்டல். தாளுக்குத் தாள் எடை மாறும் என்பதால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் எண் போடுவேன். வெறும் தாள் எடைகள் என் கைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில். வண்டலோடு சேர்ந்த எடைகள் சாரின் மேசைக்குப் போகும் பெரிய நோட்டில். கழித்தலைக் கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்னொரு பழக்கமும் எனக்கு உண்டு. வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் வண்டலே இல்லாத கேன் தண்ணீர் ஒரு பாட்டிலையும் வடிகட்டுவேன். அதற்கு எண் பூஜ்ஜியம்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது பெரிய நோட்டு சாரின் செல்ல மாணவன் கையில் இருந்தது. கட்டுரையே தயாராகிவிட்டது. அதில் அவன் பெயர், சாரின் பெயர். நன்றி சொன்ன இடத்தில்கூட நான் இல்லை.

"உனக்குத்தான் கல்யாணம் ஆயிப்போச்சேம்மா, இனி எதுக்கு இதெல்லாம்?" என்றார் சார். "தம்பி வெளிநாடு போகப் போறான். அவனுக்காவது உதவட்டும்."

உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டே அட்டவணையைப் புரட்டினேன். நோட்டில் இருந்த எடையை அப்படியே வண்டல் என்று போட்டிருந்தார்கள். தாளைக் கழிக்கவில்லை. பூஜ்ஜியம் எண் பாட்டிலையும் ஆற்றில் ஓர் இடமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "நல்லா வந்திருக்கு சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கட்டுரையை அவன் வாசித்த கருத்தரங்குக்கு வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூடக் கட்டாத பட்டுச்சேலையை அன்றைக்குக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவன் பேசி முடித்ததும் எழுந்தேன்.

"பூஜ்ஜியம்னு ஒரு இடம் போட்டிருக்கீங்களே, அது ஆத்துல எங்க இருக்கு?"

அவன் சாரைப் பார்த்தான். சார் கூரையைப் பார்த்தார். "அது... அணைக்குக் கீழ, மேடம்" என்றான்.

"இல்லீங்க. அது நான் கடையில வாங்குன கேன் தண்ணி. அதுலயும் இம்புட்டு வண்டல் வருதுன்னா, வெறும் தாளோட எடையக் கழிச்சீங்களா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அரங்கமே சிரித்தது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும், அவர்கள் கேன் தண்ணீர் குடித்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் கல்யாண மேடையில்கூட வந்ததில்லை.

அடுத்த வாரம் சார் என் வீட்டுக்கே வந்தார். காப்பி கொடுத்தேன்.

"அந்தச் சின்ன நோட்டு இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"குடுத்தேன்னா சரிபண்ணிரலாம். உன் பேரையும் மூணாவதா சேத்துக்கிருவோம்."

"தரமாட்டேன் சார்."

"மூணு வருச உழைப்பும்மா. உன்னோடதும்தான் வீணாப்போகும்."

அவர் சொன்னது உண்மை. அந்த நோட்டு இல்லாவிட்டால் பெரிய நோட்டு வெறும் குப்பை. பெரிய நோட்டு இல்லாவிட்டால் என்னுடையதும் அதேதான். மூன்று வருடம் ஆறு சுமந்து வந்தது எவ்வளவு என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"போகட்டும் சார்" என்றேன்.

அவர் போன பிறகு அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டைக் கொடுத்திருக்கலாமே என்று இன்றுவரை ஒருமுறைகூட நினைத்ததில்லை.

அந்த ஐப்பசியில் மறுபடியும் தண்ணீர் திறந்தார்கள். சொந்தக் காசில் வாங்கிய கயிற்றோடு முதல் பஸ்ஸில் பாலத்துக்குப் போனேன். முதல் பாட்டிலை ஆற்றில் இறக்குவதற்கு முன்னால், புது நோட்டின் முதல் பக்கத்தில் மையில் என் பெயரை எழுதினேன். அப்புறம்தான் தேதி.