மிஸியை வாசலில் நிறுத்திய ஞாயிறு

கொரோனாவுக்காகப் போட்ட நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து, எங்கள் பங்குக் கோயிலைத் திறக்கலாம் என்றானபோது, தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களின் பெயரைப் பதியும் வேலை என்னிடம் வந்தது. கடல் பாலத்துக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் குமாஸ்தா உத்தியோகம் எனக்கு. பட்டியல் போட இவன்தான் சரி என்று ஃபாதர் நினைத்திருக்க வேண்டும். முப்பது பேருக்கு மேல் கூடாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே, எழுபதுக்கு மேலே யாரும் கூடாது. பாட்டு கூடாது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொருவருக்கும் போன் செய்து பெயரை எழுதிக்கொள்வேன்.

முதல் ஞாயிறு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தேன். ஐந்தாவதாக வந்தவர் மிஸி. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாதிகளை இங்கே மிஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் பங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. கணவர் இறந்து பல வருடம். பிள்ளைகள் கோலாலம்பூரில். ஆயர் ஈத்தாம் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருந்தார். அன்று பஸ் ஏறி வந்திருந்தார்.

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தேன். அதன் முதல் இரண்டு எண்களே பிறந்த வருடம். எழுபத்தொரு வயது. பார்த்தால் அறுபதுக்கு மேல் சொல்ல முடியாது. போனில் நான் கேட்கவும் இல்லை.

"ஆன்ட்டி, எழுபதுக்கு மேல உள்ள விட முடியாது. ரூல்ஸ்."

"வெள்ளிக்கிழம நீதானே பேர எழுதுன?"

"வயச கேக்காம எழுதிட்டேன். சாரி ஆன்ட்டி."

"ஆஸ்பத்திரியிலயே காலம் போச்சு எனக்கு. கிருமியப் பத்தி நீ எனக்கு சொல்றியா?"

வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். எதிரே பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது மேசையிலிருந்தே தெரிந்தது. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அடுத்தவருக்கு உடல் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு வெள்ளியும் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஃபாதரிடம் சொன்னேன். அவர் என்னைவிட இளையவர்.

"அவங்க வர முடியாதுன்னா நாம போவோம்ணே," என்றார்.

மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு என் காரில் கிளம்பினோம். நான்கு வீடுகள். மிஸியின் வீடு கடைசி.

அவர் மரக்கதவைத் திறந்தார். அதற்கு வெளியே இருந்த இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவே இல்லை. நற்கருணைச் சிமிழை எடுக்க ஃபாதர் சட்டைப் பையில் கையை விட்டார்.

"நில்லுங்க ஃபாதர். லிஃப்ட் பட்டன அமுக்குனது யாரு?"

"நான்தான்."

"அந்தக் கையோடயா?"

உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து, இரும்புக் கதவைச் சற்றே திறந்து வெளியே வைத்துவிட்டு மறுபடி மூடினார். நடைபாதையில் குனிந்து ஃபாதர் கை கழுவினார். மிஸி உள்ளே நின்று இருபது வரை சத்தமாக எண்ணினார்.

"தம்பி, நீயும்தான் லா," என்றார் என்னைப் பார்த்து.

பிறகுதான் இரும்புக் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளங்கையில் நற்கருணையை வாங்கி, திரும்பி நின்று, முகக்கவரியை இறக்கி உட்கொண்டார். கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். கண்ணைத் திறந்ததும் முதல் கேள்வி:

"மத்த வீடுகள்லயும் இப்படித்தான் கை கழுவாம போனீங்களா?"



அன்று மாலை அவரே எனக்குப் போன் செய்தார்.

"உள்ள விடாதது சரி. அதுக்கு எனக்கு கோவம் இல்ல. பஸ் ஸ்டாப்புல அவ்ளோ நேரம் ஒக்காந்திருந்தேன், எட்டிக்கூட பாக்கல நீ."

"தப்புதான் ஆன்ட்டி."

"சரி, பேனா இருக்கா? எழுதிக்கோ."

ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, எங்கே நிற்பது, எப்போது கை கழுவுவது என்று வரிசையாகச் சொன்னார். எழுபது தாண்டிய எல்லோருடைய நம்பரையும் கேட்டு வாங்கினார். அதன்பின் வெள்ளிதோறும் அவர்களுக்கு அவர் போன் செய்தார், மற்றவர்களுக்கு நான். பிரஷர் மாத்திரை போட்டாச்சா, ரத்தத்தில் இனிப்பு எவ்வளவு என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு வருவாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசுக்கே போன் செய்தார். தனியாக வாழ்ந்த பழைய டாக்சிக்காரர் ஒருவர் போனை எடுக்கவில்லை. "அவரு மொத ரிங்குலயே எடுப்பாரு. போய்ப் பாரு." லீவு சொல்லிவிட்டுப் பாலம் தாண்டிப் போனேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் மாற்றுச் சாவி இருந்தது. டாக்சிக்காரர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார், நினைவோடு. இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார், இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார்.

வயது வரம்பை எடுத்த பிறகு மிஸி கோயிலுக்கு வந்தார். அவர் பட்டியலில் இருந்த சிலர் வரவில்லை. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். சிலருக்குப் படியேற முடியாமல் போய்விட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு நானும் ஃபாதரும் இன்னமும் வீடுவீடாகப் போகிறோம். எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதை மிஸிதான் சொல்வார்.